இவர் உங்கள் வீட்டில் வசிக்கிறாரா?

ஏப்ரல் 27, திங்கள்

பள்ளிக்கூடம் லீவு விட்டாகிவிட்டது. கணக்கு டீச்சர் கைக்குத் திருத்த நோட்டு இல்லையென்றால் அரிக்கிறது. என் வீட்டுக்காரருக்கு ஆபீஸில் கொடுத்த டைரி காலியாகக் கிடந்தது, எடுத்துக்கொண்டேன்.

இன்றைய சண்டை கொட்டாய்க்காரனோடு. கொட்டாய் என்பது டிவியிலும் போனிலும் படம் காட்டுகிற ஆப். வருடச் சந்தா கட்டுவது நான். அது போதாதென்று பொங்கல் லீவில் ஒரு பழைய சிரிப்புப் படத்தை, 'வாங்கு' என்ற பட்டனை அழுத்தித் தனியாகக் காசு கொடுத்து வாங்கி வைத்திருந்தேன். இன்று மாடியில் வத்தல் பிழிந்து காயப்போட்டுவிட்டு, அதைப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தால் படத்தைக் காணோம். கஸ்டமர் கேருக்குப் போன் போட்டேன். ஒரு பையன் தேன் ஒழுகப் பேசினான்.

"நீங்க படத்தை வாங்கலை மேம். பார்க்கிற உரிமையைத்தான் வாங்கினீங்க. எங்களுக்கும் அந்தக் கம்பெனிக்கும் ஒப்பந்தம் முடிஞ்சிருச்சு."

"அப்ப பட்டன்ல 'வாங்கு'ன்னு எதுக்குப்பா போட்டீங்க?"

"அது பட்டனோட பேரு மேம்."

பட்டனோட பேராம். பெயரை மட்டும் வைத்துவிட்டால் ஆயிற்றா? ஆப்புக்கு ஒரு ஸ்டார் போட்டு நாலு வரி எழுதினேன். அரை ஸ்டார் போட வசதி இல்லை.

ஏப்ரல் 29, புதன்

மகள் சௌமியாவின் கல்யாணப் பத்திரிகை அச்சாகி வந்துவிட்டது. மஞ்சளும் அரக்குமாக நன்றாக இருக்கிறது. ஜூன் ஏழு முகூர்த்தம். கட்டுக்கட்டாகக் கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

எங்கள் வீட்டு வழக்கம் என்னவென்றால் முதல் பத்திரிகை குலசாமிக்கு. இரண்டாவது பெண்ணின் தாய்மாமனுக்கு, தட்டில் வெற்றிலை பாக்கு பழத்தோடு, நேரில் போய். அந்த இரண்டாவது பத்திரிகை போய்ச் சேராமல் மூன்றாவதைப் பக்கத்து வீட்டுக்குக்கூடக் கொடுக்கக்கூடாது.

சௌமியாவின் தாய்மாமன் என் தம்பி ரகுபதி. நாங்கள் வடவள்ளியில், அவன் ஊரின் அந்தக் கோடியில், சூலூரில் இருக்கிறான். நாங்கள் பேசிக்கொள்வதில்லை.

காரணத்தை எழுதிவிடுகிறேன், எனக்கு என்ன பயம். தை மாதம் அவனும் அவன் மனைவி உமாவும் புது வீடு கட்டிக் குடிபோனார்கள். கூடப் பிறந்த அக்காவை எப்படி அழைத்தான் தெரியுமா? வாட்ஸ்அப்பில். பிள்ளையார் பறந்து வருகிற வீடியோ, பின்னால் நாதஸ்வரம். அதே வீடியோ எங்கள் பால்காரருக்கும் வந்திருந்தது, அவர்தான் என்னிடம் காட்டினார். "உங்க தம்பி வீடாட்ட இருக்குதுங்களே" என்றார். நான் போகவில்லை. "அக்கா பார்த்துட்டுத்தான் வரலை, ரெண்டு டிக்கும் நீலமாயிருச்சே" என்று அவன் சொன்னதாகக் காதில் விழுந்தது. நீலமாகத்தான் ஆகும். பார்த்தேன், அதனால்தான் போகவில்லை.

மே 1, வெள்ளி

குலசாமி கோவிலுக்குப் போய் முதல் பத்திரிகையை வைத்துக் கும்பிட்டு வந்தோம். திரும்பும்போது காரில் இவர் ஆரம்பித்தார்.

"அப்படியே சூலூர் வழியாப் போயிரலாமா?"

"மாங்காய் வெட்டி வெச்சிருக்குதுங்க. உப்புப் போடலைன்னா வீணாப்போயிரும்."

மாங்காய் இன்னும் வாங்கவே இல்லை. வீடு வந்ததும் கடைக்கு ஓடிப்போய் வாங்கி வந்து வெட்டினேன்.

மாலையில் கொட்டாயைத் திறந்தேன். உள்ளே போனதும் யார் பார்க்கிறார்கள் என்று கேட்கும். ஆளுக்கொரு பொம்மைப் படமும் பெயருமாக நாலு முகம் இருக்கிறது. நான், இவர், சௌமியா, ரகு. ரகுவுக்கு அந்த முகத்தைப் போட்டுக் கொடுத்தது நான்தான், நல்லபடியாக இருந்த காலத்தில். எடுத்துவிடலாம்தான். ஆனால் வருடத்துக்குக் கட்டியாகிவிட்டது, ஒரு முகம் சும்மா கிடந்தால் யாருக்கு லாபம்? அந்தக் கொட்டாய்க்காரனுக்குத்தான்.

காசு வீணாகிறதா என்று பார்க்க அவ்வப்போது அவன் முகத்துக்குள் போய் வருவேன். பாதியில் விட்ட படமெல்லாம் வரிசையாக நிற்கும். சின்ன வயதிலிருந்தே பொறுமை கிடையாது அவனுக்கு. எந்தப் படமும் இரண்டு நிமிடத்தைத் தாண்டவில்லை. அதிசயம் என்னவென்றால், போன வாரம் நான் என்னென்ன பார்த்தேனோ அதையெல்லாம்தான் அவனும் தொட்டு வைத்திருக்கிறான். சொந்தமாக ஒரு படம் தேடிப் பார்க்கக்கூடத் துப்பில்லை.

மே 3, ஞாயிறு

ரகு முகத்தில் நேற்றும் இன்றும் ஒன்றும் ஓடவில்லை. சூலூர்ப் பக்கம் கரண்ட் இல்லையோ என்னவோ. எனக்கென்ன.

மே 4, திங்கள்

மழைக்காற்றுக்கு அங்கே டிரான்ஸ்பார்மர் போய்விட்டதாம், பேப்பரில் போட்டிருக்கிறது. நான் நினைத்தது சரி.

மே 5, செவ்வாய்

இன்று நடந்ததை எழுதவே கை கூசுகிறது.

ராத்திரி போன் தானாக அப்டேட் ஆகிக்கொண்டது. யாரும் கேட்கவில்லை. காலையில் எடுத்துப் பார்த்தால் எழுத்தெல்லாம் பெருத்து, பட்டனெல்லாம் உருண்டு, எது எங்கே இருக்கிறதென்று தெரியவில்லை. நேற்று வரை எந்தக் கேள்வி வந்தாலும் 'ஆம்' வலது பக்கம், 'இல்லை' இடது பக்கம். இப்போது மாற்றி வைத்திருக்கிறார்கள். என் சமையலறையில் நானில்லாத நேரம் புகுந்து உப்பு டப்பாவையும் சர்க்கரை டப்பாவையும் மாற்றி வைத்த மாதிரி.

குக்கர் இரண்டாவது விசில் அடித்துக்கொண்டிருந்தது. கண்ணாடி போடவில்லை. கொட்டாயைத் திறந்ததும் ஒரு கேள்வி குதித்தது. இனிமேல் ஒரு சந்தாவுக்கு ஒரே வீடு என்று புதுச் சட்டமாம். 'ரகு வேறொரு இடத்திலிருந்து பார்க்கிறார். இவர் உங்கள் வீட்டில் வசிக்கிறாரா?' என்று கேட்டது. இதில் யோசிக்க என்ன இருக்கிறது, 'ஆம்' என்று வழக்கமான இடத்தில் அழுத்தினேன்.

அழுத்திய பிறகுதான் கண்ணாடியைப் போட்டேன். 'நன்றி. ரகு உங்கள் வீட்டைச் சேர்ந்தவர் அல்ல என்று அவருக்குத் தெரிவித்துவிட்டோம்' என்று இருந்தது.

சாதம் அடிப்பிடித்துவிட்டது.

மே 6, புதன்

கஸ்டமர் கேர். அதே தேன் பையன்.

"கை தவறி அழுத்திட்டேன்பா. அவனுக்கு என்னன்னு போயிருக்குது?"

படித்துக் காட்டினான். 'நீங்கள் இந்த வீட்டைச் சேர்ந்தவர் அல்ல என்று கணக்கின் உரிமையாளர் சுகந்தி தெரிவித்துள்ளார். ஒரு வாரத்தில் உங்கள் முகம் நீக்கப்படும்.'

என் பெயரை வேறு போட்டிருக்கிறார்கள். வாங்கின படம் என்னுடையது இல்லை, ஆனால் இதற்கு மட்டும் நான் உரிமையாளர்.

"இதை மாத்த முடியாதா தம்பி?"

"முடியும் மேம். அவர் தன்னோட போனை எடுத்துக்கிட்டு உங்க வீட்டுக்கு வரணும். உங்க வைஃபையில ஒரு தடவை ஆப்பைத் திறந்தாப் போதும். வீட்டு ஆள்னு சிஸ்டம் எடுத்துக்கும். வர்ற செவ்வாய்க்கிழமைக்குள்ள."

"அவன் வர மாட்டான்பா."

"அப்படின்னா உங்க வீட்டு ஆள் இல்லைன்னுதானே மேம் அர்த்தம்?"

போனை வைத்துவிட்டேன். அவன் மேல் தப்பில்லை, அவனுக்கு எழுதிக் கொடுத்ததைச் சொல்கிறான். இவரிடம் சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தார். அப்புறம் என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

மே 7, வியாழன்

ரகு பார்த்துவிட்டான். நாலு முகத்தில் 'ரகு' என்றிருந்த இடத்தில் பெயரை மாற்றி வைத்திருக்கிறான். 'வெளியாள்'.

முறுக்கு மாவு பிசைந்தேன். உப்புப் போட்டேனா இல்லையா என்று நினைவில்லாமல் இரண்டாம் தடவையும் போட்டுத் தொலைத்தேன்.

மே 8, வெள்ளி

போன் போட்டு, "தெரியாமப் பண்ணிட்டேன்டா" என்று சொன்னால் முடிந்தது. ஆனால் போன் போட்டால் கல்யாணப் பேச்சு வரும். போனில் அழைத்தது போல ஆகிவிடும். அவன் செய்ததைத்தானே நானும் செய்தேன் என்றாகும்.

அதனால் என் பெயரை மாற்றினேன். 'சுகந்தி' என்பதை எடுத்துவிட்டு 'கைதவறிப் பட்டுருச்சு' என்று போட்டேன். அந்தக் கட்டத்தில் அதற்குமேல் எழுத்து பிடிக்காது.

சாயங்காலம் பதில் வந்திருந்தது. 'வெளியாள்' போய் 'சரிங்க டீச்சர்' என்று இருந்தது.

ங்க. கூடப் பிறந்தவளுக்கு ங்க போடுகிறான். திட்டியிருந்தால்கூடத் தேவலை. சௌமியா டிவியைப் போட்டுவிட்டு, "ஏம்மா, கொட்டாய்ல யாரு யாருன்னே தெரியலை, நம்ம வீட்டை யாராவது ஹேக் பண்ணிட்டாங்களா?" என்றாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

மே 9, சனி

மாப்பிள்ளை வீட்டில் பாதி ஊருக்குப் பத்திரிகை கொடுத்து முடித்துவிட்டார்களாம். சம்பந்தியம்மா போன் செய்து, "உங்க பக்கம் எவ்வளவு தூரம் ஆச்சுங்க?" என்றார். "போய்க்கிட்டே இருக்குதுங்க" என்றேன். இவர் பக்கத்தில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார்.

"பத்திரிகையைக் கட்டிலுக்கு அடியில வெச்சு அடைகாத்தா குஞ்சு பொரிக்குமா சுகந்தி?"

"போறேன். யார் போக மாட்டேன்னாங்க?"

"குடிபோனதுக்குப் போகாத வீட்டுக்கு மொத மொதல்ல இப்பப் போகணுமேன்னு சங்கடமா இருக்குதா?"

கட்டிய மனுஷனுக்கு இவ்வளவு தெரிந்திருக்கக் கூடாது. ஆமாம், சங்கடம்தான். தட்டைத் தூக்கிக்கொண்டு போய் நிற்கும்போது, 'வெளியாள் வீட்டுக்கு எதுக்குங்க வந்தீங்க' என்று அவன் கேட்டுவிட்டால் அந்தத் தட்டை வைத்துக்கொண்டு நான் எங்கே போவேன்?

மே 10, ஞாயிறு

பெயர் மறுபடி மாறியிருக்கிறது. 'சௌமிக்குக் கல்யாணமா'.

கேள்விக்குறி இல்லை. யாரோ சொல்லிக் கேள்விப்பட்டிருக்கிறான். மண்டபம் பிடித்து, மாப்பிள்ளை பார்த்து, பத்திரிகையும் அடித்தாயிற்று, தாய்மாமனுக்கு மூன்றாம் மனுஷர் வாயால்தான் தெரிகிறது.

'ஆமாடா ஜூன் 7 வா' என்று என் பெயர் இருக்கிற இடத்தில் அடித்தேன். சரியாகக் கட்டத்துக்குள் பிடித்தது. சேமி என்கிற பட்டனுக்கு மேலே விரல் நின்றது. இதை அழுத்தினால் பிள்ளையார் வீடியோவுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? அதிலாவது நாதஸ்வரம் இருந்தது. அழித்துவிட்டேன்.

அப்புறம் அவன் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லோருக்கும் ஆப்காரன் ஒரு பொம்மை கொடுத்திருக்கிறான். ரகுவுக்குக் கரடி.

மே 11, திங்கள்

சௌமியாவுக்குத் தெரிந்துவிட்டது. ஹேக் எல்லாம் இல்லை, மாமாதான் என்று இவர் போட்டுக்கொடுத்துவிட்டார். அவள் சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"நாளைக்கு மாமாவோட பேரு அழிஞ்சு போயிருமா?"

"ஆப்ல இருந்துதான்டி."

"ம்மா, மணவறைக்கு என்னைக் கையப் புடிச்சுக் கூட்டிட்டு வர்றது யாரு? மாமா வரலைன்னா நான் எந்திரிச்சே வர மாட்டேன். சொல்லிட்டேன்."

"வாயக் கழுவு. கல்யாணப் பொண்ணு பேசற பேச்சா இது?"

அவளை அதட்டி அனுப்பிவிட்டேன். ஆனால் எனக்கும் அதேதான். அவன் வராத கல்யாணத்தில் நான் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு யாரைப் பார்த்துச் சிரிப்பது? இதை இங்கே எழுதி வைக்கிறேன், வாயால் சொல்ல மாட்டேன். புதன்கிழமை சூலூர் போகிறேன். அவன் என்ன வேண்டுமானாலும் கேட்கட்டும்.

மே 12, செவ்வாய்

சாயங்காலம் வத்தலை எடுக்க மாடிக்குப் போனேன். எதிர்ப்பக்கம் இஸ்திரி வண்டிக்குப் பக்கத்தில் ஒரு ஸ்கூட்டர். ஹெல்மெட்டைக் கழற்றாமல் ஒரு ஆள், போனை ஆரத்தித் தட்டு மாதிரி இப்படியும் அப்படியும் தூக்கிச் சுற்றிக்கொண்டு நிற்கிறான். முதலில் யாரோ பைத்தியம் என்று நினைத்தேன். பிறகு அந்தத் தொப்பையைப் பார்த்தேன். எங்கள் அப்பாவுக்கு இருந்த அதே தொப்பை.

சூலூரிலிருந்து வடவள்ளிக்கு வந்திருக்கிறான். வீட்டுக்கு வரவில்லை, வைஃபைக்கு வந்திருக்கிறான். கஸ்டமர் கேரில் எனக்குச் சொன்னதையே அவனுக்கும் சொல்லியிருப்பார்கள். மோடத்தை வாங்கி மாட்டிக் கொடுத்தவனே அவன்தான், பாஸ்வேர்டு அவன் போனில் இருக்கிறது. நான் இத்தனை மாதமாக அதை மாற்றவில்லை. மாற்றத் தெரியாது என்று இவரிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அக்கா முகம் வேண்டாம், அக்கா வீட்டு சிக்னல் மட்டும் வேண்டுமா? திருட்டுப் பூனை மாதிரி தெருவில் நின்று நக்கிவிட்டுப் போய்விடலாம் என்று பார்க்கிறானா? விடுவிடுவென்று கீழே வந்தேன். மோடத்தின் சுவிட்சை அணைத்தேன். ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.

போனை உதறினான். ரோட்டைத் தாண்டி இந்தப் பக்கம் வந்தான். காம்பவுண்டுச் சுவரோரம் நின்று பார்த்தான். கேட்டுக்கு அருகே வந்தான். இஸ்திரி போடுகிற தங்கராசு அங்கிருந்தே, "கரண்ட்டெல்லாம் இருக்குதுங்க சார், டீச்சர் இப்பத்தான் மாடியில நின்னாங்க" என்று கத்தினார். புண்ணியவான்.

பெல் அடித்தது. ஓடிப்போய்த் திறக்கக் கூடாது என்று கதவுக்குப் பக்கத்திலேயே நின்று மெதுவாக எண்ணினேன். மூன்றுக்குமேல் எண்ண முடியவில்லை.

கதவைத் திறந்ததும் ஹெல்மெட்டோடு நின்றான். இளைத்திருக்கிறான், தொப்பை நீங்கலாக.

"நெட்டு போயிருச்சாக்கா?"

தை மாதத்துக்குப் பிறகு என்னிடம் அவன் பேசிய முதல் பேச்சு.

"எனக்கென்ன தெரியும். உள்ள வந்து பாரு."

உள்ளே வந்து செருப்பைக் கழற்றிவிட்டு நேராக மோடத்தின் பக்கம் போனான். குனிந்து பார்த்தான். சுவிட்சைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.

"சுவிட்சு ஆப்ல இருக்குதுக்கா."

"அப்படியா? யாரு பண்ணாங்களோ."

அவன் சுவிட்சைப் போடவில்லை. அப்படியே சோபாவில் உட்கார்ந்துகொண்டான். நான் காபி போட்டேன். உப்பு தூக்கலாகிப்போன முறுக்கை வைத்தேன், ஒன்றும் சொல்லாமல் தின்றான். காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னான்.

"வீட்டு ஆளு இல்லைன்னு மெயில் வந்துச்சுக்கா. உன்ற பேரு போட்டு. உமாகிட்டக் காட்டவே இல்லை, அழிச்சுட்டேன். ஒரு வாரமா சாப்பாடு எறங்கலை."

"அந்தக் கிறுக்குப் போன் பட்டனை மாத்தி வெச்சிருச்சுடா. நான் 'ஆம்'னுதான் அழுத்தினேன். உன்னை இல்லைன்னு சொல்லுவனா நானு?"

எனக்கு டீச்சர் குரலே வரவில்லை. அதை மறைக்க வேறு பேச்சை எடுத்தேன்.

"அது சரி, காசு கட்டி வெச்சிருக்கிறேன், எல்லாப் படத்தையும் ரெண்டு நிமிஷத்துல விட்டுட்டு ஓடறியே, உனக்கு எதுதான் புடிக்கும்?"

"நான் எங்கக்கா படம் பார்த்தேன்? உன்ற மொகத்துக்குள்ள போய் நீ என்ன பார்த்துட்டு இருக்கறேன்னு பார்ப்பேன். அதையே போட்டுப் பார்ப்பேன். உன்ற டேஸ்ட்டு ரெண்டு நிமிஷத்துக்கு மேல தாங்கறதில்லை."

சௌமியா உள்ளே இருந்து சிரித்துக்கொண்டே ஓடிவந்தாள். மாமா தோளைக் கட்டிக்கொண்டு அழவும் அழுதாள். இவர் கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு பத்திரிகையை உருவிக்கொண்டு வந்தார். நான் பிடுங்கிக்கொண்டேன்.

"இங்க வெச்சுக் குடுக்கறதா? நல்லா இருக்குது. நாளைக்குக் காலைல தட்டோட உன்ற வீட்டுக்கு நாங்க வர்றோம். நேர்ல."

ரகு தலையைக் குனிந்துகொண்டான். "நானும் அன்னைக்கு அப்படி வந்திருக்கோணும்க்கா" என்றான். மோடத்தின் சுவிட்சைப் போட்டு, தன் போனில் கொட்டாயை ஒரு தடவை திறந்து பார்த்துவிட்டு, அவன் வாசலில் செருப்பை மாட்டும்போது நான் சொன்னேன்.

"புது வீட்டுக்கு வழி தெரியாது. போன்ல லொகேஷன் அனுப்பிவிடு."

"போன்ல எல்லாம் அனுப்ப மாட்டேன். காலைல நானே வந்து கூட்டிட்டுப் போறேன்" என்றான்.

மே 13, புதன்

ரகு முன்னால் ஸ்கூட்டரில் போக, நாங்கள் காரில் பின்னால் போனோம். ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று திரும்பிப் பார்த்தான், நாங்கள் தொலைந்துபோய்விடுவோம் என்பது போல.

வீடு நன்றாகவே கட்டியிருக்கிறான். உமா ஆரத்தியோடு வாசலில் நின்றாள். தட்டில் வெற்றிலை பாக்கு பழம் பத்திரிகை வைத்து, நானும் இவருமாக அவர்கள் இருவர் கையிலும் கொடுத்தோம். வாங்கும்போது ரகு தட்டை இறுகப் பிடித்தான். நானும் பிடியை விடாததால் தட்டு நடுவிலேயே நின்றது. பூஜை அறையில் பத்திரிகையை வைத்துவிட்டு வந்து, ஒவ்வொரு அறையாகச் சுற்றிக் காட்டினான். சமையலறை மேடை கொஞ்சம் உயரம், அதை மட்டும் சொன்னேன். சொல்லாவிட்டால் நான் அக்காவே இல்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு அவன் வீட்டு வைஃபையை என் போனில் போட்டுக் கொடுத்தான். கொட்டாயைத் திறந்தேன். உடனே ஒரு கேள்வி குதித்தது. 'புதிய இடத்தில் இருக்கிறீர்கள். இது உங்கள் வீடா?'

பையிலிருந்து கண்ணாடியை எடுத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டேன். 'ஆம்' எந்தப் பக்கம், 'இல்லை' எந்தப் பக்கம் என்று நிதானமாகப் படித்தேன். அப்புறம் அழுத்தினேன்.

வடவள்ளிக்குத் திரும்பி வந்து டிவியைப் போட்டால் ஓடவில்லை. 'உங்கள் வீடு சூலூருக்கு மாற்றப்பட்டுவிட்டது. இந்த டிவி வெளியிடத்தில் இருக்கிறது' என்று எழுதி வருகிறது. போகட்டும் என்று போனில் பார்க்கலாமென்றால், அதுவும் ஓட வேண்டுமானால் மாதம் ஒரு தடவை போனைச் சூலூருக்கு எடுத்துப் போய் அங்கே திறந்து காட்ட வேண்டுமாம். இவர் தலையில் அடித்துக்கொண்டு, கஸ்டமர் கேருக்குப் போன் போட்டு மாற்றச் சொல் என்கிறார்.

போடலாம். என்ன அவசரம்.